யாரைக் கேட்டு மன்னித்தீர்கள்?

கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) அரசியல் பேசலாமா கூடாதா என்ற வாக்குவாதம் எங்கள் பங்கில் ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும். ஞாயிறு பூசையில் ஆயரின் சுற்றுமடலை வாசித்து முடித்ததும் கோயில் வாசலில் ஆரம்பித்து, அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் அந்த வார அன்பியக் கூட்டம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். போன தடவை பெரியவர் ஒருவர், "நாட்டைப் பத்தி எழுத இவங்களுக்கு யாரு அதிகாரம் கொடுத்தா? நம்மகிட்ட கேட்டா எழுதினாங்க?" என்று கேட்டார். கூட்டத்தில் ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். எனக்கு அந்தக் கேள்வியின் இரண்டாவது பாதிதான் மனசில் தங்கிவிட்டது. நம்மைக் கேட்டா எழுதினார்கள்? கிட்டத்தட்ட இதே கேள்வியை 1965 டிசம்பரில் ஒரு நாடு முழுக்கத் தன் ஆயர்களைப் பார்த்துக் கேட்டது. அந்த நாடு போலந்து. அந்த விவகாரத்தை வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதைப் பற்றி என் மனசு இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. எழுதிப் பார்த்தால் தெளியுமா என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்குக் காரணம் போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு எழுதிய ஒரு கடிதம். அதன் தேதி 1965 நவம்பர் 18. ரோமில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் முடிவதற்கு மூன்று வாரம்கூட இல்லை. உலகத்து ஆயர்கள் எல்லாரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். போலந்து 966-ல் திருமுழுக்குப் பெற்ற நாடு, அதாவது அதன் அரசன் மியெஷ்கோ அந்த வருஷம் கிறிஸ்தவனானான். 1966-ல் ஆயிரமாண்டு விழா. அதற்கு வரச்சொல்லி போலந்து ஆயர்கள் 56 நாடுகளின் ஆயர்களுக்கு அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். பெரும்பாலானவை வழக்கமான மரியாதைக் கடிதங்கள். ஜெர்மன் ஆயர்களுக்குப் போனது மட்டும் வேறு மாதிரி. அது ஜெர்மன் மொழியிலேயே எழுதப்பட்டது, பல பக்கம் நீண்டது, வார்சாவின் பேராயர் கர்தினால் ஸ்டெஃபான் விஷின்ஸ்கியும் கிராக்கோவ் பேராயர் கரோல் வொய்த்திவாவும் (பிற்பாடு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஆனவர்) உட்பட முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டது. கடைசிப் பகுதியில் ஒரு வரி. முடியப்போகும் இந்தச் சங்கத்தின் இருக்கைகளிலிருந்து உங்களை நோக்கிக் கை நீட்டுகிறோம், மன்னிப்பு அளிக்கிறோம், மன்னிப்புக் கேட்கிறோம்.

போர் முடிந்து இருபது வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் கடிதமே கணக்குச் சொல்கிறது: ஆறு மில்லியனுக்கும் மேற்பட்ட போலந்துக் குடிமக்கள், பெரும்பாலும் யூதர்கள், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் உயிரிழந்தார்கள். முகாம்களில் செத்த குருக்கள் இரண்டாயிரம் பேர், ஆயர்கள் ஐந்து பேர். வ்வொத்ஸ்வாவெக் என்ற ஒரு மறைமாவட்டம் மட்டும் தன் குருக்களில் 48 விழுக்காட்டை இழந்தது. இதையெல்லாம் எழுதிவிட்டு, மன்னிக்கிறோம் என்று சொன்னால் அதை ஒரு பெரிய மனசு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மன்னிப்புக் கேட்கிறோம் என்று ஏன் சொல்ல வேண்டும்? அடிபட்டவன் எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்? வார்சாவிலும் கிராக்கோவிலும் சாதாரண ஜனங்களை உறுத்தியது இதுதான்.

எழுதியவர்

கடிதத்தை எழுதியவர் வ்ரோட்ஸ்வாஃபில் இருந்த பேராயர் பொலெஸ்வாவ் கொமினெக். இவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மன்னிப்புக் கேட்கிறோம் என்ற அந்தப் பாதி எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. 1903-ல் மேல் சைலீசியாவில் ராட்லின் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது ஜெர்மன் பேரரசுக்குள் இருந்தது, பள்ளியில் ஜெர்மன் படித்துத்தான் வளர்ந்தார். அவர் பிறந்த மண் போலந்தா ஜெர்மனியா என்பதை அவர் வாழ்நாளில் பல தடவை வேறு யார் யாரோ முடிவு செய்தார்கள்.

1945-ல் போட்ஸ்டாமில் கூடிய வெற்றியாளர்கள் போலந்தைத் தூக்கி மேற்கே நகர்த்தி வைத்தார்கள். கிழக்குப் பகுதி சோவியத்துக்குப் போனது. அதற்கு ஈடாக ஓடர், நைஸே ஆறுகள் வரைக்கும் ஜெர்மன் நிலம் போலந்துக்கு வந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த ஜெர்மானியர்கள் லட்சக்கணக்கில் வெளியேற்றப்பட்டார்கள். கிழக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஓடியவர்களும் துரத்தப்பட்டவர்களுமாக மொத்தம் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்கள் காலிசெய்த வீடுகளில் குடியேறியவர்களில் பெரும் பகுதி, லுவோவ் மாதிரி கிழக்கு ஊர்களிலிருந்து தாங்களே துரத்தப்பட்டு வந்த போலந்துக்காரர்கள். ப்ரெஸ்லாவ் என்ற ஜெர்மன் நகரம் வ்ரோட்ஸ்வாஃப் என்ற போலந்து நகரமாயிற்று. அந்த ஆகஸ்டில் போலந்துத் திருச்சபையின் தலைவரான கர்தினால் ஹ்லோண்ட் அந்த நிலங்களுக்குத் திருச்சபை நிர்வாகிகளாக அனுப்பிய ஐந்து குருக்களில் ஒருவர் கொமினெக், அவர் போனது ஓபோலே என்ற ஊருக்கு. அதாவது ஜெர்மன் கத்தோலிக்கர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறியபோது அவர்களுடைய கோயில்களைப் பொறுப்பேற்றுக்கொண்ட ஆட்களில் அவர் ஒருவர். மன்னிப்புக் கேட்கிறோம் என்று 1965-ல் எழுதிய கை அந்தக் கை. அவருக்கு அது புத்தகத்தில் படித்த வரலாறு இல்லை.

அதற்கப்புறமும் அவருக்கு நிம்மதி இல்லை. 1951 ஜனவரியில் கம்யூனிஸ்ட் அரசு அந்த ஐந்து நிர்வாகிகளையும் பதவியிலிருந்து விரட்டியது. 1954-ல் அரசுக்குத் தெரியாமல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1956 கடைசியில் அரசியல் காற்று மாறியபோது வ்ரோட்ஸ்வாஃபுக்கு வந்தார். ஆனால் வத்திக்கானைப் பொறுத்தவரை அந்த நகரம் இன்னும் தீராத வழக்கு. ஜெர்மனியோடு அமைதி ஒப்பந்தம் ஆகாத வரைக்கும் மறைமாவட்ட எல்லைகளைத் திருத்த மாட்டோம் என்பது அவர்கள் நிலைப்பாடு, அதனால் கொமினெக்குக்குப் பேராயர் பட்டம் இருந்ததே தவிர வ்ரோட்ஸ்வாஃபின் பேராயர் என்ற பதவி கிடையாது. சொந்த அரசு அவரைச் சந்தேகிக்கிறது, சொந்தத் திருச்சபையும் அவருடைய இருக்கையை உறுதிசெய்யவில்லை. ஜெர்மன் ஆயர்கள் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் அவர் ஊர் மக்களுக்கு, அதாவது எந்த நேரமும் ஜெர்மானியர்கள் திரும்பி வந்து வீட்டைக் கேட்பார்களோ என்று பயந்துகொண்டிருந்த ஜனங்களுக்கு, எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

கடிதத்தின் அமைப்பும் கவனிக்க வேண்டியது. எடுத்த எடுப்பில் போரைப் பற்றிப் பேசவில்லை. ஆயிரம் வருஷத்துக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறது. 1000-ஆம் ஆண்டில் பேரரசன் மூன்றாம் ஓட்டோ க்னியெஸ்னோவுக்குத் திருப்பயணம் வந்தது, சிற்பி ஃபைட் ஷ்டோஸ், இரண்டு நாட்டாரும் கொண்டாடும் புனித ஹெட்விக் என்று நல்லதை முதலில் சொல்கிறது. அப்புறம்தான் போலந்தோடு போரிட்ட டியூட்டானிய வீரர்கள் என்ற ஜெர்மன் படைத்துறவிகள், நாடு துண்டாடப்பட்டது, பிஸ்மார்க், ஹிட்லர். அதைச் சொல்லிமுடித்த கையோடு, ஹிட்லர் காலத்தில் ஜெர்மானியர்களும் பாடுபட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும் என்று ஹிட்லரை எதிர்த்த வெள்ளை ரோஜா மாணவர்களையும் அவனைக் கொல்ல 1944-ல் நடந்த ஜூலை 20 சதியில் உயிர்விட்டவர்களையும் லிஷ்டன்பெர்க் போன்ற குருக்களையும் பெயர் சொல்லி நினைக்கிறது. எல்லையைப் பற்றியும் ஒளிக்கவில்லை. ஓடர் நைஸே எல்லை உங்களுக்குப் போர் தந்த மிகக் கசப்பான கனி என்று எங்களுக்குப் புரிகிறது, எங்களுக்கோ அது உயிர் வாழ்வதற்கான கேள்வி, 3 கோடிக்கும் மேற்பட்ட மக்களை வேறெங்கே அடைப்பது என்கிறது. துரத்தப்பட்ட ஜெர்மானியர்களின் துயரத்தையும் சொல்கிறது. அன்றைய போலந்தில் பொதுவெளியில் யாரும் வாய் திறக்காத விஷயம் அது.

இந்த வரைவை அனுப்புமுன் கொமினெக் ஜெர்மன் ஆயர்கள் சிலரோடு, எஸ்ஸன் ஆயர் ஹெங்ஸ்பாக், ஐஷ்டாட் ஆயர் ஷ்ரோஃபர், கிழக்கு ஜெர்மனியின் மைசன் ஆயர் ஷ்பியூல்பெக் ஆகியோரோடு, கலந்து பேசியும் இருக்கிறார். கலந்து பேசாதது இரண்டு பேரிடம்தான். ஒன்று போலந்து அரசு. இன்னொன்று போலந்து மக்கள்.

அரசுக்கு வலித்த இடம்

அரசிடம் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு ஒரு கேள்வியே இல்லை. 1953 பிப்ரவரியில் அந்த அரசு ஒரு ஆணை போட்டது. எந்தப் பங்கில் எந்தக் குருவை வைப்பது, எந்த ஆயரை நியமிப்பது என்று எல்லாவற்றுக்கும் அரசு சம்மதம் வேண்டும் என்பது அதன் சாரம். அந்த மே மாதம் ஆயர்கள் அரசுக்கு எழுதிய கடிதம் வரலாற்றில் நின்றுவிட்டது, கடவுளுக்கு உரியதைச் சீசரின் பீடத்தில் பலியிட எங்களால் முடியாது என்று எழுதினார்கள். அந்த செப்டம்பரிலேயே விஷின்ஸ்கியைக் கைது செய்தார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை, 1956 அக்டோபர் வரைக்கும் அடைத்து வைத்தார்கள். இப்படிப்பட்ட அரசிடம் முதலில் காட்டி ஒப்புதல் வாங்கியிருந்தால் கடிதம் அமைச்சகத்தின் மேசையைத் தாண்டியிருக்காது.

ஆனால் நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் வ்லாடிஸ்வாவ் கோமுல்காவுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் ஆட்சி மக்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தது பெரும்பாலும் ஒரு பயத்தின் பலத்தில்: ஜெர்மனி திரும்பி வரும், மேற்கு நிலங்களைப் பிடுங்கும், எங்களையும் எங்களுக்குப் பின்னால் நிற்கும் மாஸ்கோவையும் விட்டால் உங்களுக்குக் காவல் இல்லை. அந்தப் பயம் கற்பனையும் இல்லை. கிழக்கு ஜெர்மனி 1950-லேயே எல்லையை ஏற்றுக்கொண்டது, மேற்கு ஜெர்மனி 1965-லும் ஏற்கவில்லை. இந்தச் சூழலில் ஆயர்கள் இரண்டு ஜெர்மனிகளின் ஆயர்களையும் ஒரே கூட்டமாக விளித்து, அரசைத் தாண்டி நேரே கை நீட்டினால் என்ன ஆகும்? பயம் தளரும். பயம் தளர்ந்தால் ஆட்சியின் பிடியும் தளரும். போலந்தை மேற்குக் கிறிஸ்தவத்தின் அரண் என்று கடிதம் பெருமையோடு சொன்னதும் சேர்ந்துகொண்டது. அரண் என்றால் எதற்கு எதிரான அரண் என்று மாஸ்கோ கேட்காமல் இருக்காது.

டிசம்பரில் பத்திரிகைகள் பாய்ந்தன. மறக்க மாட்டோம், மன்னிக்க மாட்டோம் என்று சுவரெல்லாம் முழக்கம். வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை, ஆயர்களுக்கு அதில் என்ன வேலை என்ற கேள்வி எல்லாப் பேச்சிலும். ஆலைகளில் கூட்டம் கூட்டிக் கண்டனக் கடிதங்கள் எழுதவைத்தார்கள். 1966 ஜனவரியில் விஷின்ஸ்கிக்கு ரோம் போகப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். மார்ச்சில் பிரதமர் யூஸெஃப் ட்ஸிரான்கியேவிச் ஆயர்களுக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். அவர் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் கைதியாக இருந்து மீண்டவர், அதனால் அவருடைய கோபத்தை வெறும் கட்சிக் கோபம் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. திருத்தந்தை ஆறாம் பால் ஆயிரமாண்டு விழாவுக்கு வர விரும்பினார், விடவில்லை. 1966 மே 3 அன்று போலந்தின் பெரிய மாதா திருத்தலமான யாஸ்னா கூராவில் அவருக்காக ஒரு நாற்காலியைப் போட்டு அதில் அவர் படத்தை வைத்துப் பூசை நடத்தினார்கள். திருச்சபை விழா நடக்கும் ஊரிலேயே அதே நாளில் அரசு தன் விழாவை வைத்தது. ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த மாதாவின் படத்தைக்கூட வழியில் பிடித்து யாஸ்னா கூராவுக்குத் திருப்பி அனுப்பிக் காவல் போட்டார்கள். ஜனங்கள் வெறும் சட்டத்தை எடுத்துக்கொண்டு பவனியைத் தொடர்ந்தார்கள்.

இதுவரைக்கும் கதை எளிது. அடக்குமுறை அரசு ஒரு பக்கம், துணிந்த ஆயர்கள் மறுபக்கம். இந்தக் கடிதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

அந்த இன்னொரு கேள்வி

எனக்கு உறுத்துவது இதற்கு அடுத்த இடம். கிராக்கோவில் சோல்வே இரசாயன ஆலைத் தொழிலாளர்கள் பெயரில் வொய்த்திவாவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வந்தது. போர்க்காலத்தில் அவர் அந்த ஆலையில் தொழிலாளியாக இருந்தவர். எங்களோடு வேலை பார்த்த நீங்களா ஜெர்மானியர்களிடம் மன்னிப்புக் கேட்டீர்கள் என்பதுதான் அதன் சாரம். கட்சிக்காரர்கள் பின்னால் இருந்து எழுதவைத்ததுதான், சந்தேகமே இல்லை. வொய்த்திவாவும் சுடச்சுடப் பதில் எழுதினார், கடிதத்தை முழுசாகப் படிக்காமல் குற்றம் சாட்டியிருக்கிறீர்கள், நான் அநீதிக்கு ஆளானவனாகவே பதில் சொல்கிறேன் என்று. ஆனால் கட்சி அதற்கு அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தது ஏன்? ஜனங்கள் மனசில் அது ஏற்கெனவே இருந்தது என்று கட்சிக்குத் தெரியும். கோயிலுக்குத் தவறாமல் போகிற, அரசை வெறுக்கிற போலந்துக்காரர்களே அன்று ஆயர்கள் மேல் மனத்தாங்கலோடு இருந்தார்கள். அண்ணனைச் சுட்டுக்கொன்றதைக் கண்ணால் பார்த்தவர்கள், வார்சா இடிபாடுகளில் பிள்ளையைத் தேடியவர்கள் உயிரோடு இருந்த காலம். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர்கள் சார்பில் ரோமில் உட்கார்ந்துகொண்டு மன்னித்துவிட்டோம் என்று எழுத முடியுமா?

அரசின் கேள்வியும் மக்களின் கேள்வியும் ஒரே வார்த்தைகளில் வந்தன, அதனால் பல பேர் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே பதில் சொல்லிவிடுகிறார்கள். அரசு கேட்டது தன் அதிகாரத்துக்காக. மக்கள் கேட்டது தங்கள் காயத்துக்காக. ஒரு ஆயர் முதல் கேள்விக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அவர் மேய்ப்பர்.

அவர்கள் பதில் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமான இடம். 1966 பிப்ரவரி 10 தேதியிட்டு மக்களுக்கு ஒரு சுற்றுமடல் எழுதினார்கள். உலகம் அந்த நவம்பர்க் கடிதத்தைத்தான் நினைவு வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால் பிப்ரவரி மடல் அதைவிடக் கடினமானது. நூற்றாண்டுகளாக நாம் ஒரு நாடாக ஜெர்மன் மக்களுக்கு அநீதி செய்யவில்லை என்றே நம்புகிறோம் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார்கள். ஜனங்களின் மனசோடு முதலில் சேர்ந்து நிற்கிறார்கள். அப்புறம் சொல்கிறார்கள், ஒரே ஒரு போலந்துக்காரன், வரலாறு முழுக்கத் தேடி ஒரே ஒருவன் தகாத செயல் செய்திருந்தாலும், மன்னியுங்கள் என்று சொல்ல நமக்குக் காரணம் உண்டு.

இந்த மடலைப் பற்றி இரண்டு விதமாகப் பேசலாம், நான் இரண்டு விதமாகவும் பேசியிருக்கிறேன். ஆயர்கள் பின்வாங்கிவிட்டார்கள் என்பது ஒரு வாதம். நவம்பரில் பரந்து கேட்ட மன்னிப்பைப் பிப்ரவரியில் ஒரே ஒரு ஆளாகச் சுருக்கிவிட்டார்கள், 1945-க்கும் 1947-க்கும் இடையில் துரத்தப்பட்ட ஜெர்மானியர்களுக்கு நேர்ந்ததை ஒரு ஆளின் தப்பு என்று சொல்ல முடியுமா? முடியாதுதான். ஆனால் வேறொன்றும் தோன்றுகிறது. அந்த மடல் வாசிக்கப்பட்டது யார் முன்னால் என்று யோசித்துப் பாருங்கள். எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்று தினம் செபிக்கிறவர்கள் முன்னால். அந்தச் செபத்தில் அடிபட்டவனும் மன்னிப்புக் கேட்கிறவனும் ஒரே ஆள்தான், அதைத் தினமும் நாமே சொல்கிறோம். ஆயர்கள் புதிதாக ஒரு கொள்கையைத் திணிக்கவில்லை, ஜனங்கள் வாயில் ஏற்கெனவே இருந்ததை ஒரு குறிப்பிட்ட அண்டை வீட்டுக்காரனோடு சேர்த்துச் சொன்னார்கள். அது தனியாள் செபத்தில் இருக்கும்வரை யாருக்கும் கஷ்டமில்லை. நாட்டின் பெயரில் வந்தபோது வலித்தது.

அந்த மே மாதம் யாஸ்னா கூராவில் கூடிய கூட்டம் மிகப் பெரியது. மனத்தாங்கல் இருந்தவர்களும் வந்தார்கள். ஒப்புக்கொண்டதால் வந்தார்களா, அரசின் மேலிருந்த கோபத்தால் வந்தார்களா, மாதாவுக்காக வந்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆயர்களை அவர்கள் கைவிடவில்லை என்று மட்டும் தெரியும்.

அந்தப் பக்கத்துப் பதில்

ஜெர்மன் ஆயர்களின் பதில் டிசம்பர் 5 அன்றே வந்துவிட்டது. மேற்கிலிருந்து மியூனிக்கின் டோப்ஃப்னர், கொலோனின் ஃப்ரிங்ஸ், கிழக்கிலிருந்து பெர்லினின் பெங்ஷ் என்று இரண்டு ஜெர்மனி ஆயர்களும் சேர்ந்து கையெழுத்திட்டது. அதில் நியாயமான வரிகள் உண்டு. ஜெர்மானியர்களாலும் ஜெர்மன் மக்களின் பெயராலும் போலந்து மக்களுக்குப் பயங்கரமான கொடுமைகள் இழைக்கப்பட்டன என்று ஒப்புக்கொள்கிறார்கள். மறக்கவும் மன்னிக்கவும் நாங்களும் கேட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். ஆனால் எல்லை? வெளியேற்றப்பட்டவர்கள் தாயகத்துக்கு உரிமை கோரும்போது, ஒரு சிலரைத் தவிர, அதில் ஆக்கிரமிப்பு எண்ணம் கிடையாது என்றும், அங்கே இப்போது வளரும் இளைய தலைமுறைக்கும் அதுதான் தாயகம் என்று அவர்களுக்குத் தெரியும் என்றும் எழுதியிருக்கிறார்கள். எல்லையை ஏற்கிறோம் என்ற சொல் இல்லை.

காரணமும் தெரிந்ததுதான். சைலீசியாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களில் நிறையப் பேர் கத்தோலிக்கர்கள், இப்போது ஜெர்மன் ஆயர்களின் கோயில்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள். ஆயர்கள் தங்கள் மக்களின் காயத்தை மதித்தார்கள் என்று சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த 1965 அக்டோபரிலேயே ஜெர்மன் புராட்டஸ்டன்ட் திருச்சபை ஒரு ஆவணம் வெளியிட்டு, கிழக்கு எல்லையைப் பற்றிய பிடிவாதத்தை மறுபடியும் யோசிக்க வேண்டும் என்று தங்கள் சபை மக்களிடமே சொல்லி, வெளியேற்றப்பட்டோர் அமைப்புகளிடம் சரமாரியாக வசவு வாங்கியிருந்தது. ஆகவே சொல்ல முடியாத காலம் என்று ஒன்று இல்லை. போலந்து ஆயர்கள் தங்கள் ஜனங்களுக்கு முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்த்து, வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஜெர்மன் ஆயர்கள் தங்கள் ஜனங்களுக்கு நடுவில் நின்று எழுதினார்கள். இரண்டும் மக்களை நினைத்து எழுதியவைதான், ஆனால் அவை ஒரே மாதிரி கடிதங்கள் இல்லை. விஷின்ஸ்கிக்கு அந்த ஏமாற்றம் வருஷக்கணக்கில் தீரவில்லை. 1970 நவம்பரில் டோப்ஃப்னருக்கு எழுதியபோது, நாங்கள் மனசார நீட்டிய கையை நீங்கள் தயக்கத்தோடுதான் பற்றினீர்கள் என்ற வருத்தத்தைச் சொல்லிவிட்டார்.

ஆயர்கள் சொல்லாததை மற்றவர்கள் சொன்னார்கள். 1968-ல் பென்ஸ்பெர்க் வட்டம் என்ற ஜெர்மன் கத்தோலிக்கர்களின் குழு எல்லையை ஏற்க வேண்டும் என்று அறிக்கை விட்டது. கையெழுத்திட்டவர்களில் யோசஃப் ராட்ஸிங்கர் என்ற இறையியல் பேராசிரியரும் ஒருவர், பின்னாள் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட். 1970 டிசம்பர் 7 அன்று சான்சலர் வில்லி பிராண்ட் வார்சாவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், அதே நாளில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவின் நினைவுச்சின்னத்தின் முன்னால் மண்டியிட்டார். ஒப்பந்தம் 1972-ல் நடைமுறைக்கு வந்ததும், அந்த ஜூன் 28 அன்று ஆறாம் பால் மறைமாவட்ட எல்லைகளைத் திருத்தினார். கொமினெக் அன்றுதான் வ்ரோட்ஸ்வாஃபின் முறையான பேராயர் ஆனார். அந்த ஊருக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1973-ல் கர்தினால், 1974 மார்ச்சில் இறந்துவிட்டார். 1989 நவம்பர் 12 அன்று சைலீசியாவின் க்ஷிஷோவா கிராமத்தில் நடந்த திருப்பலியில் போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் ஜெர்மன் சான்சலர் ஹெல்முட் கோலும் கட்டித்தழுவி சமாதான வாழ்த்துச் சொன்னதை அவர் பார்க்கவில்லை.

சரி, இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. ஆறு மில்லியன் பேர், பெரும்பாலும் யூதர்கள் என்று கடிதம் எழுதுகிறது. அந்த யூதர்கள் சார்பில் மன்னிக்க எந்தக் கத்தோலிக்க ஆயருக்கும் உரிமை கிடையாது, 1965-லும் இல்லை, இப்போதும் இல்லை. என் அண்ணனைக் கொன்றவனை நான் மன்னிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரின் அண்ணனைக் கொன்றவனை நான் மன்னிக்க முடியாது. இதே சங்கத்தின் இதே இருக்கைகளில் இருந்துதான், அந்தக் கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பு அக்டோபர் 28 அன்று, யூதர்களைப் பற்றிய திருச்சபையின் போதனையைத் திருத்திய அறிக்கை வெளியானது. அந்த அறிக்கைக்கு வாக்களித்துவிட்டு வந்தவர்கள், செத்த யூதர்களைப் பற்றி ஒரு சொற்றொடரோடு கடந்துபோனது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. மன்னிப்புக் கேட்கிறோம் என்ற பாதி ஜெர்மானியர்களை நோக்கிப் போனது, ஆஷ்விட்ஸும் ட்ரெப்ளிங்காவும் இருந்த மண்ணில் அது முதலில் போக வேண்டிய திசை வேறு ஒன்றும் இருந்தது.

அது போகாமலே இருந்துவிடவில்லை. 1990 நவம்பர் 30 தேதியிட்ட மடலில் போலந்து ஆயர்கள் யூதர்களுக்கு எதிரான வெறுப்புக்காக வருத்தம் தெரிவித்தார்கள், 1991 ஜனவரியில் அதை நாடு முழுக்கக் கோயில்களில் வாசித்தார்கள். 2005 ஜூனில் போலந்து ஆயர்களும் உக்ரைனின் கிரேக்கக் கத்தோலிக்க ஆயர்களும், இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் கொன்று குவித்த கதையை நினைத்து, அதே 1965-ன் வார்த்தைகளில் மன்னிப்பு அளித்து மன்னிப்புக் கேட்டார்கள். இந்த இரண்டையும் 1965-ஐவிட முறையான செயல்களாகவே பார்க்கிறேன், ஏனென்றால் 1990-ல் எழுதியவர்கள் யாரையும் மன்னிப்பதாகச் சொல்லவில்லை, கேட்க மட்டும் செய்தார்கள், 2005-ல் இரண்டு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே தாளில் எழுதின. ஆனால் 1965-ல் கொமினெக் அனுமதி கேட்காமல் எழுதியிராவிட்டால் பிற்பாடு வந்தவர்கள் கையில் எடுத்துக்கொள்ள அந்த வார்த்தைகள் இருந்திருக்காது. எங்கள் அன்பியத்துப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். நம்மைக் கேட்காமல் ஆயர்கள் எழுதலாம், ஆனால் எழுதிய பிறகு நம் முன்னால் வந்து நின்று பிப்ரவரி மடலைப் போல ஒன்றையும் எழுத வேண்டும் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, முதலிலேயே கேட்டிருக்கலாமே என்றார். வரும் தேர்தலிலும் இதைப் பேசத்தான் போகிறோம்.